இறங்கி வந்த குரல்

அச்சு, வானொலி, இசைத்தட்டு, திரை, கைபேசி, செயற்கை நுண்ணறிவு: கடலையும் மொழியையும் கடந்து சுவிசேஷம் வந்த பாதை

பேட்டரிக் கட்டைகளை வெயிலில் காயவைப்பது எங்கள் ஆச்சிக்கு மத்தியான வேலை. மெஞ்ஞானபுரத்துக்குத் தெற்கே, தேரிக்காட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. திண்ணை ஓரத்தில், கருப்பட்டி காயும் ஓலைப்பாய்க்குப் பக்கத்தில் நான்கு பேட்டரிகளும் வரிசையாகக் கிடக்கும். பொழுது சாய்ந்ததும் அவற்றைத் துடைத்து டிரான்சிஸ்டருக்குள் போடுவார். ஏரியலில் சுற்றிய செம்புக் கம்பி ஒன்று வேப்பமரக் கிளை வரை போகும். குமிழைத் திருகத் திருக இரைச்சல், ஒரு சிங்களப் பாட்டு, மறுபடியும் இரைச்சல். பிறகு சட்டென்று தெளிந்த தமிழில் ஒரு குரல் வேதாகமம் வாசிக்கத் தொடங்கும்.

மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் புத்தளத்தில் நிற்கும் டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோவின் கோபுரத்திலிருந்து மத்திய அலையில், 882 கிலோஹெர்ட்ஸில் வந்த குரல் அது. ஆச்சிக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. கண்ணில் புரை விழுந்து எழுத்தெல்லாம் மங்கிய பிறகு அந்தப் பெட்டிதான் அவருக்கு வேதாகமம். பெட்டிக்குள்ளிருந்து "ஜெபிப்போம்" என்று சொன்னதும் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வார். முடிந்ததும் பெட்டியைப் பார்த்தே "ஆமென்" என்பார்.

"ஆச்சி, நீங்க முக்காடு போட்டது அவங்களுக்குத் தெரியவா போகுது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அவங்களுக்கா போட்டேன்?" என்றார்.

அந்தப் பதிலை நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். கடல் தாண்டி வந்த மின்காந்த அலை ஒரு கிழவியின் திண்ணையை ஆலயமாக்கியது. ஆனால் அந்தக் கோபுரத்தால் மட்டும் அதைச் செய்திருக்க முடியாது. அதே பெட்டியில், அதே இரவில் எத்தனையோ மொழிகள் வந்து போயின. ஆச்சியின் கை குமிழை நிறுத்தியது ஒரே ஓர் இடத்தில்தான். அங்கே யாரோ ஒருவர் அவருடைய தமிழில் பேசினார்.

கிறிஸ்தவ விசுவாசம் தூரத்தையும் மொழியையும் கடந்து பகிரப்பட்ட வரலாற்றை எங்கே தொட்டாலும் இந்த உண்மைதான் கையில் தட்டுப்படுகிறது. தூரத்தைக் கருவி கடந்துவிடும். மொழியைக் கடக்க ஒரு மனுஷர் இறங்கி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, காது கொடுக்க வேண்டும்.

மணலில் எழுதிய முதல் பாடம்

தமிழுக்கும் இந்த வரலாற்றுக்கும் உறவு பழையது. 1554-ல் லிஸ்பன் நகரில் ஒரு சிறு நூல் அச்சானது. உள்ளே இருந்தவை தமிழ் ஜெபங்களும் போதனைகளும். எழுத்து மட்டும் ரோமன். அதைத் தமிழாக்கியவர்கள் போர்ச்சுகலுக்குப் போயிருந்த மூன்று தமிழர்கள். அடுத்து 1578-ல் கொல்லத்தில், ஹென்ரிக் ஹென்ரிகஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் 'தம்பிரான் வணக்கம்' நூலைத் தமிழ் எழுத்திலேயே 16 பக்கங்களில் அச்சிட்டார். முத்துக்குளித்துறையின் பரதவ மக்களோடு வாழ்ந்து தமிழ் கற்றவர் அவர். இந்திய மொழிகளில் தன் சொந்த எழுத்தோடு முதலில் அச்சேறிய மொழி தமிழ் என்ற பெருமை இப்படித்தான் கிடைத்தது. அந்தக் காலத்துக்கு அச்சுதான் இன்றைய இணையம்.

1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவுக்கு முதலில் தேவைப்பட்டது அச்சு எந்திரம் இல்லை. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். அந்த மணலுக்குப் பிறகுதான் மற்றதெல்லாம். எந்திரம் வந்து சேர்ந்தபோது ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் பெரிதாக இருந்தன. அப்படியே அச்சிட்டால் இருந்த காகிதம் காணாது. இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத்தை உருக்கி, தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி வெளிவந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான்.

பாலாடைக்கட்டியின் ஈயத்தில் பிறந்த எழுத்துகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சியின் வேப்பமரத்துச் செம்புக் கம்பி நினைவுக்கு வரும். சொல்ல வேண்டும், கேட்க வேண்டும் என்ற தாகம் இருந்தால் மனிதர்கள் கையில் கிடைத்ததை வைத்துக் கருவி செய்துகொள்கிறார்கள்.

முனை இல்லாத ஏரியல்

வானொலியின் கதையில் 1931-ம் ஆண்டை மறக்க முடியாது. பிப்ரவரி 12 அன்று வத்திக்கான் வானொலியை மார்க்கோனி தாமே நிறுவித் தொடங்கிவைக்க, திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் ஒலிவாங்கிக்கு முன் நின்று பேசினார். ஒரு திருத்தந்தையின் குரலை உலகம் ஒரே நேரத்தில் கேட்டது அதுவே முதல் முறை. அவர் பேசியது லத்தீன். கேட்டவர்களில் பெரும்பாலோருக்குக் குரல் வந்து சேர்ந்தது, பொருள் வந்து சேரவில்லை. அந்த நிலையம் இன்று தமிழ் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் பேசுகிறது. லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்த தூரம் ரோமிலிருந்து மதுரைக்கு வந்த தூரத்தைவிடப் பெரியது.

அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டில், குயிட்டோ நகரத்தில் எச்.சி.ஜே.பி. என்ற சுவிசேஷ வானொலி பிறந்தது. அமெரிக்க மிஷனரி கிளாரன்ஸ் ஜோன்ஸும் நண்பர்களும் 250 வாட் ஒலிபரப்பியோடு ஆரம்பித்தார்கள். அப்போது அந்த நாட்டில் வானொலிப் பெட்டிகளே விரல்விட்டு எண்ணும் அளவுதான். கேட்க ஆள் இல்லாத ஊரில் பேச ஆரம்பிப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

நிலையம் வளர வளர வேறொரு சிக்கல் வந்தது. குயிட்டோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று அடர்த்தி குறைவு. அதிக சக்தியில் ஒலிபரப்பினால் ஏரியல் கம்பிகளின் முனைகளில் மின்பொறி பறந்தது. அலுமினிய முனைகள் உருகிச் சொட்டின. பொறியாளர் கிளாரன்ஸ் மூர் 1942-ல் கடற்கரைச் சிற்றூர் ஒன்றுக்கு விடுமுறைக்குப் போனபோதும் கையோடு தொழில்நுட்பப் புத்தகங்களைக் கொண்டுபோனார். ஜெபித்தார், படம் வரைந்தார், கணக்குப் போட்டார். முனை இருப்பதால்தானே பொறி பறக்கிறது? முனையே இல்லாமல் கம்பியைச் சதுரமாக வளைத்து மூடிவிட்டால்? இன்றைக்கும் உலகெங்கும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் வீட்டு மாடியில் நிறுத்துகிற 'குவாட்' ஏரியல் அப்படித்தான் பிறந்தது. மலையுச்சியில் சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்ற அவசியம் உலகத்துக்கே ஒரு கருவியைக் கொடுத்துவிட்டது.

நம் இந்துமாக் கடலிலும் இப்படிக் குரல்கள் உண்டு. சீசெல்ஸ் தீவில் பவளத்திட்டின்மேல், கடலுக்குள்ளேயே கோபுரங்களை நிறுத்தி 1970 முதல் 2003 வரை ஃபீபா வானொலி இந்தியாவை நோக்கி ஒலிபரப்பியது. பிலிப்பைன்ஸின் குவேசான் நகரத்திலிருந்து வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணி சிற்றலையில் வந்தது. 2018-ல் சிற்றலையை நிறுத்தி இணையத்துக்கு மாறியது. இந்த நிலையங்களையெல்லாம் உயிரோடு வைத்திருந்தவை தபால் கார்டுகள். நேயர் எழுதும் கடிதத்தைப் படித்து, அவர் மொழியிலேயே பதில் எழுத ஒவ்வொரு மொழிக்கும் ஒரு மேசையும் ஒரு மனிதரும் தேவைப்பட்டார்கள். அலை போய்ச் சேர்ந்ததா என்பதை மீட்டர் சொல்லும். மனசுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை அந்த மேசைதான் அறியும்.

படுக்கையில் கிடந்த பெண்ணின் யோசனை

எழுத்தே இல்லாத மொழிகள் என்ன செய்யும்? உலகத்தில் இன்று ஏறத்தாழ 7,000 மொழிகள் பேசப்படுகின்றன. முழு வேதாகமம் இருப்பது எழுநூற்றுச் சொச்சம் மொழிகளில். மொழிபெயர்ப்பு முடியும்வரை, எழுதப் படிக்கக் கற்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு நோய்ப்படுக்கையிலிருந்து பதில் தேடியவர் ஜாய் ரிடர்ஹாஃப். அமெரிக்கப் பெண். மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ் மலைக் கிராமங்களில் ஊழியம் செய்தவர். மலேரியாவால் உடல் நொறுங்கி லாஸ் ஏஞ்சலிஸுக்குத் திரும்பினார். திரும்பிப் போக உடம்பு இடம் தரவில்லை. படுத்துக் கிடந்தவருக்கு அந்த ஊர்ச் சாராயக் கடைகளில் நாள் முழுக்க அலறிய கிராமபோன்கள் நினைவுக்கு வந்தன. நான் போக முடியாவிட்டால் என்ன, என் குரல் போகலாமே? ஸ்பானிய மொழியில் நற்செய்தியைப் பேசி, பாடி ஓர் இசைத்தட்டு செய்தார். 1939-ல் கோஸ்பல் ரெக்கார்டிங்ஸ் என்ற அமைப்பு உருவானது.

ஸ்பானிய மொழியோடு அது நிற்கவில்லை. அவரும் தோழியர் சிலரும் கனமான பதிவுக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு மெக்சிகோ, அலாஸ்கா, பிலிப்பைன்ஸ் என்று போனார்கள். அவர்கள் வேலை செய்த விதத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும். பதிவு செய்பவருக்கு அந்த ஊர் மொழி தெரியாது. பேசப்போகிறவருக்கு எழுத்து தெரியாது. நடுவில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர். ஒரு வாக்கியத்தைச் சொல்வார்கள். அந்த ஊர்க்காரர் அதைத் தன் பேச்சில் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொல்லிப் பார்ப்பார். சரியாக வந்ததும் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பதிவார்கள். பிறகு அடுத்தது. கோழி கூவினால் மறுபடி. குழந்தை அழுதால் மறுபடி. அப்புறம் வாக்கியங்களுக்கு இடையிலான இடைவெளிகளை வெட்டி ஒட்டினால், தங்கு தடையில்லாமல் ஓடும் கதை தயார். கேட்கிறவருக்கு வெளியூர் வாடையே வராது. பக்கத்து வீட்டு அண்ணன் பேசுவது போலிருக்கும்.

மின்சாரமும் பேட்டரியும் இல்லாத ஊருக்கென்று கார்ட்டாக் வந்தது. மடித்த அட்டை, அதில் ஓர் ஊசி, கீழே இசைத்தட்டு. தட்டின் நடுப்பக்கத்துத் துளையில் பென்சிலை வைத்துக் கையால் சுற்ற வேண்டும். அட்டையே அதிர்ந்து பேசும். வேகமாகச் சுற்றினால் கீச்சுக் குரல், மெதுவாகச் சுற்றினால் கட்டைக் குரல். சரியான வேகம் பிடிபட்டதும் தாய்மொழி வரும். இன்று குளோபல் ரெக்கார்டிங்ஸ் நெட்வொர்க் என்று பெயர் மாறியிருக்கும் அந்த அமைப்பிடம் 6,000-க்கும் மேற்பட்ட மொழிகளிலும் வட்டார வழக்குகளிலும் பதிவுகள் இருக்கின்றன. போக முடியாமல் படுத்த ஒரு பெண்ணின் குரல் போன தூரம் அது.

விமானம் கடந்தது, சொல் கடக்கவில்லை

கருவி முந்திக்கொண்டு மொழி பிந்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஈக்வடாரின் காட்டில் ஒரு துயரக் கதை உண்டு. வாவோரானி மக்கள் வெளியாட்களை அஞ்சியவர்கள். ரப்பருக்காகக் காட்டுக்குள் வந்தவர்களின் கொடுமை அவர்கள் நினைவில் இருந்தது. 1955-ல் மிஷனரி விமானி நேட் செயின்ட் ஒரு நுட்பம் கண்டுபிடித்தார். சிறு விமானம் வானில் வட்டமடிக்கும்போது, நீண்ட கயிற்றின் நுனியில் கட்டிய வாளி வட்டத்தின் நடுவில் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். அதில் பரிசுகள் இறங்கின. கீழிருந்து பதில் பரிசுகளும் ஏறின. ஒலிபெருக்கியில் சில நட்புச் சொற்களும் போயின. விமானத்தில் போனவர்களுக்குத் தெரிந்திருந்தவை அந்தச் சில சொற்கள் மட்டுமே.

1956 ஜனவரி 8 அன்று, ஆற்று மணலில் விமானத்தை இறக்கிக் காத்திருந்த நேட் செயின்ட், ஜிம் எலியட் உள்ளிட்ட ஐந்து மிஷனரிகளும் ஈட்டிக்கு இரையானார்கள். இரண்டு பக்கத்து அச்சமும் தவறான புரிதலும் சேர்ந்து அந்த மணலில் ரத்தமாக ஓடின.

கதை அதோடு முடிந்திருந்தால் நாம் இன்று அதைப் பேசியிருக்க மாட்டோம். காட்டைவிட்டு ஏற்கெனவே வெளியே வந்திருந்த தாயுமா என்ற வாவோரானிப் பெண்ணிடம் நேட்டின் அக்கா ரேச்சல் மொழி கற்றுக்கொண்டிருந்தார். 1958-ல் ரேச்சலும், ஜிம் எலியட்டின் மனைவி எலிசபெத்தும், எலிசபெத்தின் சின்ன மகளும் அந்தக் கிராமத்துக்கே குடிபோனார்கள். கணவனைக் கொன்றவர்களின் குடிசைக்குப் பக்கத்தில் குடிசை. அவர்கள் சாப்பிட்டதைச் சாப்பிட்டு, அவர்கள் பேசியதைக் கேட்டு, சொல் சொல்லாகக் கற்றார்கள். ஒலிபெருக்கியால் வானத்திலிருந்து சொல்ல முடியாததை ஒரு தாயின் மௌனம் தரையில் சொன்னது. 1979-ல் லூக்கா சுவிசேஷத்தை ஒட்டி எடுக்கப்பட்ட 'ஜீசஸ்' திரைப்படத்துக்கு இன்று 2,000-க்கும் மேற்பட்ட மொழிகளில் குரல் உண்டு. அந்த இரண்டாயிரமாவது மொழி, வாவோரானி.

திரையில் வந்த உதடுகள், கைகளில் வந்த வார்த்தை

திரையைச் சொன்னால் நம் பக்கத்துக் கதையையும் சொல்ல வேண்டும். 'பாசமலர்' தந்த ஏ.பீம்சிங் தம் கடைசிக் காலத்தில் தெலுங்கில் இயக்கிய படம் 'கருணாமயுடு'. 1978-ல் வந்தது. விஜயசந்தர் இயேசுவாக நடித்தார். தமிழில் 'கருணாமூர்த்தி'யாகவும் இந்தியில் 'தயாசாகர்' ஆகவும் ஆன அந்தப் படம் தியேட்டரோடு நிற்கவில்லை. புரொஜக்டரையும் ஜெனரேட்டரையும் ஏற்றிக்கொண்டு வேன்கள் கிராமம் கிராமமாகப் போயின. இரண்டு மூங்கிலுக்கு நடுவில் வெள்ளை வேட்டி கட்டிய திரை. திரைக்கு இந்தப் பக்கம் பாதி ஊர், அந்தப் பக்கம் பாதி ஊர். சிலுவைக் காட்சியில் எல்லாரும் விசும்பியது எந்த மதத்தின் கண்ணீரும் இல்லை, ஒரு தாயின் முன் மகன் சாகிறான் என்ற கண்ணீர். நம் முகம், நம் கண், நம் பேச்சு. அதுவும் ஒரு மொழிபெயர்ப்புதான்.

காது கேளாதவர்களுக்கு வானொலியும் இல்லை, இசைத்தட்டும் இல்லை. அச்சு இருக்கிறதே என்று நாம் நினைப்போம். பிறவியிலேயே கேளாதவருக்கு அச்சு மொழி ஓர் அந்நிய மொழி. கைகளும் முகமும்தான் அவருடைய தாய்மொழி. சைகை மொழியைக் காகிதத்தில் அச்சிடுவது கடினம், காணொளியில் பதிவதே இயல்பு. அமெரிக்கச் சைகை மொழியில் வேதாகமத்தைப் பெயர்க்கும் பணியை டெஃப் மிஷன்ஸ் என்ற அமைப்பு 1981-ல் தொடங்கியது. வீடியோ கேசட் காலத்தில் தொடங்கிய வேலை, கைபேசிச் செயலிக் காலத்தில், 2020-ல் முடிந்தது. 39 வருஷம்! கேளாதவர்களே மொழிபெயர்ப்பாளர்களாக இருந்து, ஒவ்வொரு வசனத்தையும் கையில் எடுத்துப் பார்த்து, மற்றக் கேளாதவர்களுக்குக் காட்டி, புரிகிறதா என்று கேட்டுத் திருத்தினார்கள். இங்கும் அதே விதி. கேமரா ஒரு நாளில் கிடைத்துவிடும். உட்கார்ந்து கேட்பதற்குத்தான் 39 வருஷம்.

உள்ளங்கையில் ஓர் ஆலயம்

2008 ஜூலையில் ஆப்பிள் தன் செயலிக் கடையைத் திறந்த நாளிலேயே அங்கே இருந்த செயலிகளில் ஒன்று யூவெர்ஷன் வேதாகமம். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் உள்ள ஒரு சபை இலவசமாகக் கொடுத்தது. தோல் உறை போட்ட வேதாகமத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகும் எங்கள் ஊரில் முதலில் முணுமுணுப்பு எழுந்தது. கைபேசியைத் திறந்தால் வசனத்தைப் பார்க்கிறானா, வேறெதையாவது பார்க்கிறானா என்று யார் கண்டது? ஆனால் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம், வாசிக்கச் சொல்லியும் கேட்கலாம் என்று தெரிந்ததும் கண் மங்கிய பெரியவர்கள்தான் முதலில் பழகினார்கள். அந்தச் செயலி வந்தபோது ஆச்சி இல்லை.

2020 மார்ச் 27 மாலை. மழை. ரோமில் புனித பேதுரு சதுக்கம் காலி. திருத்தந்தை பிரான்சிஸ் தனியாக நடந்து வந்து உலகத்துக்காக ஜெபித்தார். அந்தக் கொரோனா ஊரடங்கில் மாதக்கணக்கில் எங்கள் ஊர்க் கோயில் மணியும் அடிக்கவில்லை. ஐயரவர்கள் வெறும் பெஞ்சுகளைப் பார்த்துப் பிரசங்கம் செய்ய, ஒரு வாலிபன் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பான். அப்போதுதான் பலருக்கு ஒன்று விளங்கியது. வெளிநாட்டில் வேலைக்குப் போன பிள்ளைகள் பல வருஷமாக இப்படித்தான் ஊர்க் கோயிலோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வளைகுடா நாடுகள் பலவற்றில் விடுமுறை நாளான வெள்ளிக்கிழமையில் ஆராதனை. துபாய்க்காரர் பாட்டை ஆரம்பிக்க, லண்டன்காரர் வேத பாடம் வாசிக்க, ஊரில் தாயார் முடிவு ஜெபம் செய்கிற வாட்ஸ்அப் குழுக்கள் இன்று எத்தனையோ குடும்பங்களில் உண்டு.

இதில் கவலைகளும் இல்லாமல் இல்லை. தினமும் காலையில் ஐம்பது பேருக்குத் தள்ளிவிடும் வசனப் படம், ஒருவருக்கும் சொல்லாத ஆறுதல். பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் ஆசீர்வாதம் போய்விடும் என்ற மிரட்டல், சுவிசேஷமே இல்லை. கேட்காதவர் கைபேசியில் திணிக்கப்படும் எந்தச் செய்தியும் நற்செய்தி ஆகாது. ஆச்சியின் டிரான்சிஸ்டரில் ஒரு குமிழ் இருந்தது. வேண்டாம் என்றால் திருகி அணைத்துவிடலாம். அந்தக் குமிழைக் கேட்பவர் கையில் விட்டுவைத்ததுதான் அந்த வானொலியின் மரியாதை. விசுவாசத்தைப் பகிர்கிறவர் அடுத்தவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டியவர். கதவைத் தள்ளிக்கொண்டு போகிறவர் அந்த ஆண்டவரை அறியாதவர்.

எந்திரம் கற்ற பாடம்

2023 மே மாதம் மெட்டா நிறுவனம் ஒரு செயற்கை நுண்ணறிவு அமைப்பை வெளியிட்டது. 1,100-க்கும் மேற்பட்ட மொழிகளில் பேச்சைக் கேட்டு எழுதவும், எழுத்தைப் பார்த்துப் பேசவும் அதற்குத் தெரியும். காதில் விழுவது எந்த மொழி என்று அடையாளம் காண்பது 4,000-க்கும் மேல். இத்தனை சின்ன மொழிகளை எந்திரம் எங்கே படித்தது? புதிய ஏற்பாட்டு ஒலிப்பதிவுகளிலிருந்து. மொழிக்குச் சராசரியாக 32 மணி நேரம். அதோடு, 3,800-க்கும் மேற்பட்ட மொழிகளில் குளோபல் ரெக்கார்டிங்ஸ் நெட்வொர்க்கின் பதிவுகள். ஆம், ஜாய் ரிடர்ஹாஃப் தொடங்கிய அதே களஞ்சியம்.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ஏதோ ஒரு மலைக் குடிசையில், கோழி கூவியதால் மறுபடியும் மறுபடியும் ஒரே வாக்கியத்தைச் சொன்ன எழுதப் படிக்கத் தெரியாத மனிதர்கள் இன்று உலகத்தின் பெரிய எந்திரத்துக்கு வாத்தியார் ஆகிவிட்டார்கள். தங்கள் சனம் கேட்க வேண்டும் என்று பேசிய குரல், தங்கள் மொழி அழியாமல் இருக்கவும் விதையாகியிருக்கிறது. தங்கள் குரல் இப்படியும் போகும் என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் அந்தக் குரல்களை வாங்கியவர்களுக்கு ஒரு கடன் இருக்கிறது. அந்த மொழிக்காரர்களுக்கே அது முதலில் பயன்பட வேண்டும்.

எந்திரம் இப்போது மொழிபெயர்க்கிறது. மொழிபெயர்ப்பாளர்களுக்கு முதல் வரைவு எழுதித் தருகிறது. ஆனால் ஓர் இடத்தில் அது தடுமாறும். புயலில் படகு தத்தளிக்கிறது, இயேசு தூங்குகிறார், சீஷர்கள் அலறி எழுப்புகிறார்கள். சாகப்போவது 'நாமா', 'நாங்களா'? கிரேக்கத்தில் ஒரே சொல். தமிழில் இரண்டு. 'நாம்' என்றால் அவரும் சாவார் என்று பயந்தார்கள். 'நாங்கள்' என்றால் அவருக்கு ஒன்றும் ஆகாது, எங்களைக் கவனியும் என்றார்கள். ஒரு சொல்லுக்குள் சீஷர்களின் விசுவாசம் முழுவதும் அடங்கியிருக்கிறது. எந்திரம் எண்ணிக்கை பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளும். மனிதர் அந்தப் படகில் ஏறி, நனைந்து, பயந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

ரகரமும் றகரமும்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ஆச்சியின் திண்ணையில் இப்போது அத்தை உட்கார்ந்திருக்கிறாள். டொரோண்டோவில் பிறந்த பேத்தியோடு ஞாயிறுதோறும் ஜெபம். அங்கே காலை, இங்கே சாயங்காலம். கைபேசியைச் செம்பில் சாய்த்துவைத்து, அத்தையும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்கிறாள். அந்தக் கை அசைவு அப்படியே ஆச்சியுடையது.

பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கும் மேலான தூரத்தைக் கைபேசி ஒரு நொடியில் கடந்துவிட்டது. கடக்க முடியாமல் கிடந்தது வேறொரு தூரம். பேத்திக்குத் தமிழ் அரைகுறை. அத்தை ஜெபத்தில் அடிக்கடி சொல்லும் 'இரக்கம்' என்ற சொல்லைக் காதில் விழுந்தபடி மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்திருக்கிறாள். அது 'இறக்கம்' என்று எடுத்துக்கொண்டு, பள்ளத்தில் இறங்கும் சரிவு என்று பொருள் சொல்லியிருக்கிறது.

"ஆச்சி, கடவுள்கிட்ட ஏன் சரிவு கேக்குறீங்க?" என்றது பிள்ளை.

அத்தை சிரிக்கவில்லை. கைபேசியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். குத்தவைத்து உட்கார்ந்து, தேரியின் செம்மணலைக் கையால் நிரவினாள். விரலால் ஒரு 'ர' எழுதினாள். பக்கத்தில் ஒரு 'ற'. கைபேசியை மணலை நோக்கித் திருப்பிப் பிடித்தாள்.

"இங்க பாரு மக்கா. இது சின்ன ர. இது பெரிய ற. நான் கேக்குறது இந்தச் சின்னதுல வர்ற இரக்கம். பாவப்பட்டவங்களப் பாத்து மனசு உருகுறது. நீ பாத்தது பெருசு. அது மேல இருந்து கீழ வர்றது."

டொரோண்டோவில் ஒரு சின்ன விரல் திரைக்கு மேலே 'ர' எழுதிப் பார்த்தது. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு கேள்வி வந்தது.

"ஆச்சி, கடவுள் மேல இருந்து கீழதானே வந்தாரு? கிறிஸ்துமஸுக்கு?"

அத்தை மணலில் இருந்த இரண்டு எழுத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். முந்தானை நழுவித் தோளில் விழுந்திருந்தது.

"ஆமா தாயி" என்றாள் கடைசியில். "இறங்கி வந்தாத்தான் இரக்கம்."